வாசித்துக் காட்டச் சொன்னார்கள், சத்தம் வரவில்லை

2019ஆம் ஆண்டு, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முந்திய ஒரு சனிக்கிழமை பின்னேரம். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் வாசலில், என்னை விட நீளமான ஒரு கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சோதனை வரிசையில் நின்றேன். அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்புத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்ததை நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கைப்பையோடு கோயிலுக்குள் போவதே பெரும் பாடாக இருந்த காலம். உனக்கு மூளை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். முதலில் கதையைக் கேளுங்கள், பிறகு பேசுங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருப்பவள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. எனக்கும் பேஸ் கிற்றாருக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு கதிரைதான் காரணம். ஒஃபிஸ் ஆண்டிறுதி விருந்துக்குப் பிந்திப் போனதால், மிச்சமிருந்த ஒரே கதிரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கிடைத்தது. எல்லாரும் பாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்க, எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் யாரோ நடந்து போவது மாதிரி இருந்தது. காதால் கேட்டதை விட உடம்பால் கேட்டதுதான் கூட. பக்கத்தில் நின்ற ஒஃபிஸ் தோழியிடம், "இது என்ன சத்தம்?" என்று கேட்டேன். அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை, பங்குத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பவள். "அதுதான் அக்கா பேஸ். அது இருக்கிறப்ப யாருக்கும் தெரியாது. இல்லாட்டி பாட்டு அந்தரத்துல தொங்கும்" என்றாள்.

நாற்பது தாண்டிய பிறகு எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. சின்ன வயதில் வயலின் படித்தேன். யுத்த இடம்பெயர்வில் வயலினும் போய்விட்டது, படிப்பும் போய்விட்டது. அதன் பிறகு வாத்தியம் என்று எதையும் தொட்டதில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து காலி வீதியில் இருந்த ஒரு வாத்தியக் கடைக்குள் போனேன். கடைக்காரர் என் சேலையைப் பார்த்தார். "மகனுக்கா மிஸ்?" என்றார். "எனக்கு" என்றேன். "அப்ப யுகுலேலே பாருங்க மிஸ், லேடீஸுக்கு லேசு" என்று ஒரு குட்டி வாத்தியத்தை எடுத்து நீட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சுவரில் தொங்கியதில் ஆகப் பெரிய பேஸ் கிற்றாரைக் காட்டி, அதையே கட்டித் தரச் சொன்னேன். கோபத்தில் சீலை வாங்கலாம், உடுத்தாமல் விடலாம். வாத்தியம் வாங்கக் கூடாது.

அந்தப் பேஸின் கழுத்து நீளத்துக்கு என் கை எட்டவில்லை. முதல் சுரத்தைப் பிடிக்கப் போனால் சுண்டு விரல் அழுதது. தோள் பட்டி சேலை ஊசியை இழுத்துக் கிழித்தது. பாரத்தில் தோள்மூட்டு இரவெல்லாம் வலித்தது. போதாக்குறைக்கு நாங்கள் இருப்பது தொடர்மாடியில். அம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டு வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் தட்டுவார். அதாவது என் காலுக்குக் கீழே.

அதைக் கொடுத்து மாற்றி, கழுத்துக் குட்டையான பேஸ் ஒன்று எடுத்தேன். கை எட்டியது. ஆனால் ஃபிரெட் என்று குறுக்கே போட்டிருக்கும் உலோகக் கோடுகள் என் விரலுக்கு ஒத்துவரவில்லை. வயலினில் பழகின விரல் வழுக்கிப் போய்ச் சுரத்தைத் தேடும். இங்கே ஒவ்வொரு கோட்டிலும் தடக்கி விழுந்தது. என் கணவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றார்.

"ஓம், மேடை கோணல்தான். நேரான மேடை எங்கை கிடக்கு எண்டு நான் கண்டுபிடிக்கிறன், நீங்கள் பாருங்கோ" என்றேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கண்டுபிடித்தேன். இரத்மலானையில் ஹோட்டல்களில் வாசிக்கிற ஒருவர் வெளிநாடு போக இருந்தார். அவர் வீட்டு மூலையில் அது சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நிமிர்த்தி வைத்து வாசிக்கிற மின்சார பேஸ். பெரிய ஆள் உயர பேஸ் வாத்தியத்தின் வயிற்றையும் இடுப்பையும் வெட்டி எறிந்துவிட்டு முதுகெலும்பை மட்டும் மிச்சம் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான். நாலு தடித்த தந்தி பூட்டிய ஒரு நீளக் கறுப்புத் தடி, கீழே நிலத்தில் ஊன்ற ஒரு இரும்புக் கம்பி. ஃபிரெட் கிடையாது. தோளில் பாரம் கிடையாது. நின்று அணைத்துப் பிடித்து வாசிக்கலாம்.

இந்தத் தடவை நான் கோபத்தோடு போகவில்லை, புத்தியோடு போனேன். நிறத்தைப் பார்க்கவில்லை. அதே ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். ஆகத் தடித்த தந்தியை மேலே பிடித்தாலும் கீழே பிடித்தாலும் குரல் உடையாமல் வருகிறதா என்று கேட்டேன். ஒரு பூசை முடியும் நேரம் வரை நின்று பார்த்தேன், முதுகு வலிக்கிறதா என்று. அந்த மனிசன் இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுத் தந்தார். மூன்றாம் தரம் போடுவதற்கு முன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இஞ்சரும், உது என்ன, உடுப்புக் காயப்போடுற தடியோ?" என்றார். ஆனால் அவருக்கு அதில் ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. வயிறு இல்லாத வாத்தியம் என்பதால் அம்ப்போடு இணைக்காவிட்டால் அதில் சத்தமே வராது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பேன், அவர் செய்தி கேட்பார், கீழ்வீட்டுக்காரரின் தும்புத்தடி ஓய்வெடுக்கும்.

ஒவ்வொரு நாளும் விடிய, வேலைக்குப் போக முன், பழகினேன். விரல் நுனியில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போனது. அந்த நேரத்தில்தான் தோழியின் பாடகர் குழுவில் பேஸ் வாசித்தவருக்குக் கனடா விசா கிடைத்தது. "அக்கா, நீங்க வாங்க. நான் கதைக்கிறேன்" என்றாள். குழுவை நடத்திய அம்மாவுக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. வெளியாள், வேற்று மதம், தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "கீபோர்ட்டின் இடது கையே பேஸுக்குப் போதும். சரி, கரோல் ஆராதனை அன்று வாசிக்கட்டும், பார்ப்போம்" என்றாராம். ஒழுங்காக வாசித்தால் குழுவில் இடம். பிந்தினால், பிழை விட்டால், இடது கையே தொடரும். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒத்திகை எல்லாம் தோழியின் வீட்டில் நடந்தது. தேவாலயத்துக்கு வாத்தியத்தோடு போகப்போவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அம்ப், வயர் எல்லாவற்றையும் தோழி முன்கூட்டியே வான் வண்டியில் கொண்டுபோய்விட்டாள். பேஸையும் தரச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. வண்டிக்குள் உருண்டு கழுத்து முறிந்தால் யார் பதில் சொல்வது? நானே கொண்டு வருவேன் என்று நின்றேன். ஆகவே வெள்ளவத்தையில் இருந்து ஒரு ஓட்டோவில், பை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மஞ்சள் அங்கி போட்ட பங்குத் தொண்டர் ஒருவர் நின்றார். பெண்களின் பைகளைப் பார்க்க ஒரு பெண் கொன்ஸ்டபிள், முப்பது வயது இருக்கலாம். சற்றுத் தள்ளிக் கதிரையில் ஒரு சார்ஜன்ட். ஆராதனை தொடங்கியதும் வாசலை மூடிவிடுவார்கள் என்று எழுதிப் போட்டிருந்தது. உள்ளே ஸ்பீக்கரைச் சரி பார்க்கும் சத்தம் கேட்டது.

என் முறை வந்தது. "மே மொகத்த?" என்றாள் கொன்ஸ்டபிள். இது என்ன என்று கேட்டாள். பேஸ் என்றேன். தொண்டர் எட்டிப் பார்த்து, "பேஸ் கிற்றாரா அக்கா? அது இப்படி இருக்காதே" என்றார். பையைத் திறந்தாள். நீளக் கறுப்புத் தடி வெளியே வந்தது. பையின் அடுத்த அறைக்குள் இருந்து இரும்புக் கம்பி வந்தது. அவள் வாத்தியத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை இதுதான். மூடிக்குள் ஒரு சதுரப் பற்றரியும், சிவப்பும் கறுப்புமாய் வயர்களும்.

அவள் கை சட்டென்று பின்னால் போனது. எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் கதையை நிப்பாட்டினார்கள். ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள். வாத்தியத்தை நிலத்தில் வைத்துவிட்டு விலகச் சொன்னாள் கொன்ஸ்டபிள். வைத்தேன். சார்ஜன்ட் எழும்பி வந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்தவள். பொலிஸ் பதிவும் அடையாள அட்டையும் கையில் இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கக்கூடப் போனதில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில். வாதாடக் கூடாது. திரும்பிப் போ என்றால் திரும்பிப் போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போகும் வழியில் அப்படித் திரும்பியிருக்கிறேன். ஒரு செத்த வீட்டுக்குப் போகாமல் திரும்பியிருக்கிறேன். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் சீருடையைக் கண்டால் என் கால் தானாகவே அந்தப் பழக்கத்துக்குப் போய்விடும்.

சார்ஜன்ட் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்று அந்த வாசலில் நிற்பதே எவ்வளவு பெரிய பாரம் என்று இப்போது விளங்குகிறது. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சிங்களத்தில், இதைக் கொண்டுபோங்கள், நீங்கள் மட்டும் வரலாம் என்றார். தொண்டரும் தன்மையாக, "வீட்டுல வச்சிட்டு வாங்க அக்கா. இன்னும் கொஞ்சத்துல கேட் மூடிருவாங்க" என்றார். வெள்ளவத்தைக்குப் போய் வைத்துவிட்டு எப்படி வருவது? வந்துதான் எதை வாசிப்பது?

தோழிக்குக் கோல் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஃபோனை நிப்பாட்டி வைத்திருக்கிறாள். என் வாய், "ஹரி மஹத்தயா" என்று சொல்லிவிட்டது. சரி ஐயா என்று. கால் திரும்பியும் விட்டது. அப்படித் திரும்பின காலைக் குனிந்து பார்த்தபோது எனக்கு என் மீதே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இத்தனை கொப்புளமும் எதற்கு? விடிய எழும்பினது எதற்கு? இரத்மலானையில் அவ்வளவு நேரம் நின்றது எதற்கு?

திரும்பி வந்தேன். என் அரைகுறைச் சிங்களத்தில், நான் இன்றைக்கு உள்ளே வாசிக்க வேண்டும், இது வாத்தியம், இது இல்லாமல் நான் போகமாட்டேன் என்றேன். சொல் தடக்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"அப்போ வாசித்துக் காட்டுங்கள்" என்றார் சார்ஜன்ட்.

நியாயம்தான். நான் நிலத்தில் இருந்து அதைத் தூக்கி நிறுத்தி, ஆகத் தடித்த தந்தியை இழுத்து விட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வீதியில் பஸ் ஹோர்ன், உள்ளே ஸ்பீக்கர், பக்கத்துக் கடையில் பாட்டு. நாலு தந்தியையும் மாறி மாறி இழுத்தேன். ஊமை கனவு கண்டது போல நான் மட்டும் வாசித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதற்குக் கரண்ட் வேண்டும் என்றேன். "பற்றரி இருக்கிறதே, பிறகு ஏன் சத்தம் இல்லை?" என்று கேட்டார். பற்றரி சத்தத்தை அம்ப்புக்கு அனுப்புவதற்கு மட்டும்தான், அம்ப் உள்ளே இருக்கிறது. இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலே பொய் மாதிரித்தான் இருக்கும். என் வாழ்க்கையில் இப்படி ஒரு அந்தரம் நான் பட்டதில்லை.

உள்ளே மணி அடித்தது. தொண்டர் வாசற்கதவை இழுத்து மூடினார்.

அப்போது எனக்கு என்ன துணிவு வந்ததோ தெரியாது. கொன்ஸ்டபிளைப் பார்த்து, "நங்கி, கன தியலா பலன்ன" என்றேன். தங்கச்சி, காதை வைத்துப் பாருங்கள் என்று. வாத்தியத்தின் கழுத்தைக் காட்டினேன். தந்தி அதிர்ந்தால் மரமும் அதிரும் அல்லவா, காதை ஒட்டினால் கேட்கும்.

அவள் சார்ஜன்ட்டைப் பார்த்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நல்லாகவே பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, காதை மரத்தில் வைத்தாள்.

அன்று முதலாவதாகப் பாட இருந்த பாட்டின் பேஸை வாசித்தேன். மெதுவாக, ஒவ்வொரு சுரமாக. அவள் புருவம் மேலே போனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் போதும் என்று நினைத்துக் கையை எடுத்தேன். "நவத்தன்ன எபா" என்றாள். நிப்பாட்ட வேண்டாம் என்று. தலையைத் தூக்கவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாசிப்பைக் கேட்டு நிப்பாட்டாதே என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

சார்ஜன்ட் காது வைத்துப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது அவருக்குப் போதுமாக இருந்தது. கையை ஆட்டினார், போகச் சொல்லி.

மூடின கதவு திரும்பத் திறந்தது. இரும்புக் கம்பியையும் வெறும் பையையும் அவளே தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வரை என்னோடு ஓடி வந்தாள். உள்ளே முதலாவது பாட்டு தொடங்கிவிட்டது. குழு நடத்தும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். வயரைக் குத்தினேன், கம்பியை ஊன்றினேன், மூச்சு வாங்கியது. இரண்டாம் சரணத்தில் என் சுரத்தைப் பிடித்தேன். கீபோர்ட்டில் தோழி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தன் இடது கையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஆராதனை முடியும் வரை அந்தக் கை மடியிலேயே இருந்தது. எத்தனையோ மேடைப் பாராட்டுகளை விட அது எனக்குப் பெரிது.

ஒன்றிரண்டு இடத்தில் சுரம் கொஞ்சம் விலகியது. எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். முடிந்ததும் வந்து, "அடுத்த கிழமை நேரத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். இன்று வரை அந்தக் குழுவில் நான்தான் பேஸ்.

வெளியே வரும்போது கொன்ஸ்டபிள் வாசலில் நின்றாள். "கேட்டதா?" என்றேன். பாட்டுக் கேட்டது, உங்களுடையது கேட்கவில்லை அக்கே என்று சிரித்தாள். பேஸ் அப்படித்தான் என்றேன். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை.

திரும்பி வரும் ஓட்டோவில், பேஸை மடியில் குறுக்கே பிடித்துக்கொண்டு காலிமுகத்திடலைத் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் வீம்பு பிடித்து நின்றது பெரிய காரியம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த வருடத்தில், அந்த மாதிரி ஒரு வாசலில், பற்றரியும் வயரும் இருந்த ஒன்றில், முன்பின் தெரியாத ஒருத்தி சொன்னதற்காகத் தன் தலையைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் வீட்டில் யாராவது காத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

என்னை மறித்துத் திருப்பி அனுப்பிய எத்தனையோ முகங்கள் எனக்கு மறந்து போய்விட்டன. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தவளின் முகம் மட்டும், நான் பேஸை அணைத்துப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.